ஊரையே பங்காளியாக்கிய டேட்டாபேஸ்

1. சுற்றும் வட்டம்

"ஏனுங்க மேடம், இந்த வட்டம் சுத்தறது எப்பத்தான் நிக்குமுங்க? நானும் கடைக்குப் போயி டீ குடிச்சுட்டு வந்துட்டனுங்க. இன்னமும் சுத்துதுங்க."

போனில் பேசியவர் நாமக்கல் தங்கவேல். லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர். பட்டறையை மகன் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும், தன் சொந்தபந்தங்களுக்காக ஒரு திருமண இணையதளம் ஆரம்பித்தார். அதைச் செய்து கொடுத்தது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் நிறுவனம். அங்கே நான்தான் மூத்த டெவலப்பர்.

மற்ற தளங்களில் வயது, படிப்பு, சம்பளம் போட்டுத் தேடுவார்கள். தங்கவேலுக்கு அது போதாது. அவர்கள் வழக்கத்தில் குலத்துக்குக் 'கூட்டம்' என்று பெயர். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அதாவது அண்ணன் தங்கை. கல்யாணம் கூடாது. கூட்டம் வேறாக இருந்தாலும் முறை பார்க்க வேண்டும். அம்மாவின் அண்ணன் மகன் கட்டிக்கொள்ளும் முறை. அம்மாவின் அக்கா மகன் அண்ணன் முறை. உறுப்பினர்கள் தங்கள் குடும்ப விவரத்தைப் பதிவு செய்தால், எந்தப் பையனுக்கும் எந்தப் பெண்ணுக்கும் என்ன முறை என்று தளமே சொல்ல வேண்டும்.

நான் வழக்கமான ரிலேஷனல் டேட்டாபேஸில்தான் செய்திருந்தேன். ஆட்கள் எல்லோரும் ஒரே டேபிளில் இருப்பார்கள். அப்பா யார் என்று பார்க்க அந்த டேபிளை அதே டேபிளோடு ஒரு தடவை இணைக்க, அதாவது ஜாயின் செய்ய வேண்டும். அப்பாவின் அக்காவுக்கு இன்னொரு ஜாயின், அவர் கணவருக்கு இன்னொன்று. மூன்று உறவு தாண்டினால் தேடும் க்வெரி மூச்சு வாங்கும். ஐந்து தாண்டினால் தங்கவேல் டீ குடிக்கப் போய்விடுவார்.

இந்த வேலைக்கு ஏற்றது க்ராஃப் டேட்டாபேஸ் என்று அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. ஒவ்வொரு உறவும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு. கோடு பிடித்துப் போய்க்கொண்டே இருக்கலாம். டேபிளைத் திரும்பத் திரும்பத் துழாவ வேண்டியதில்லை.

"எத்தனை உறவு வரைக்கும் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"எல்லையே வேண்டாங்க மேடம். எவ்வளவு தூரமானாலும் உடாம பாக்கோணும். அதானுங்க நம்ம தளத்தோட பெருமை." பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "உங்குளுக்குள்ள இதெல்லாம் எப்படிங்க பாப்பீங்க?"

"நாங்க கத்தோலிக்கருங்க. கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க. இவருக்கும் இவருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு."

"மூணு வாரம் லோடிங்குங்களா!" என்றார் தங்கவேல்.

2. வரன் இல்லை

புதிய தளம் கண் இமைக்கும் நேரத்தில் விடை சொன்னது. ஆனால் எல்லோருக்கும் ஒரே விடை: பொருத்தமான வரன் இல்லை.

டேட்டாபேஸில் பிழையில்லை. அது சொன்னபடி செய்தது. எல்லை இல்லாமல் கோடு பிடித்துப் போனால், இந்த வட்டாரத்தில் யாரும் யாருக்கும் ஏதோ ஒரு வழியில் அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்கள். அப்படி ஒரு வழி கிடைத்தாலே தள்ளிவிடு என்று நான் எழுதியிருந்தேன்.

சோதிப்பதற்காகத் தங்கவேல் தன் பெயரையும் மனைவி சரஸ்வதியின் பெயரையும் போட்டுப் பார்த்தார். 'அண்ணன் தங்கை முறை' என்று வந்தது.

போனில் சரஸ்வதியின் குரல் பின்னால் கேட்டது. "அப்ப நான் இத்தனை வருசமா அண்ணனுக்கா சோறாக்கிப் போட்டேன்? கேளுங்க அந்த மேடத்த!"

நான் எல்லை வைத்துத் திருத்த உட்கார்ந்தேன். அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. தங்கவேலின் மகள் நிவேதாவுக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று மண்டபம் வரை பேசியிருந்தார்கள். தளத்தின் பெருமையைக் காட்ட, "ரெண்டு பேரு பேரையும் போட்டுப் பாருங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் தங்கவேலே சொல்லியிருக்கிறார். அவர்களும் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

3. கூடத்தில் ஒரு லேப்டாப்

நான் நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது தங்கவேல் வீட்டுக் கூடத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். நிவேதா அறைக்கதவின் ஓரத்தில் நின்றிருந்தாள். அழுத முகம். மாப்பிள்ளையின் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பேசியது அவருடைய அண்ணன் முத்துசாமி மட்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் வைத்துத் தொழில் செய்பவர். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எல்லை வெச்சா சரியாயிடுங்க. ரொம்ப தூரத்து உறவைக் காட்டாது" என்றேன்.

"நீங்க காட்டாம உட்டா உறவு இல்லைன்னு ஆயிருமுங்களா?" என்றார் முத்துசாமி.

நியாயமான கேள்வி. அதனால் தளம் எந்த வழியாகப் போனது என்பதை லேப்டாப்பில் திறந்து, ஒவ்வொரு கோடாகப் படித்தேன்.

"பொண்ணோட அம்மாவுக்கு ஒரு பெரியம்மா. பேரு ராமாயி."

"ஆமாங்க, பரமத்திப் பெரியம்மா" என்றார் சரஸ்வதி.

"அவங்க கொழுந்தனார் மகள் மல்லிகா. அம்மாவுக்குத் தங்கச்சி முறை."

"ஆமாங்க."

"மல்லிகா வீட்டுக்காரர் வேலுசாமி. அப்ப அவர் நிவேதாவுக்குச் சித்தப்பா. அந்த வேலுசாமி..." நான் முத்துசாமியைப் பார்த்தேன். "உங்க சித்தப்பா மகன். உங்களுக்குத் தம்பி. அதனால மாப்பிள்ளையோட அப்பாவும் நிவேதாவுக்குச் சித்தப்பா முறை. மாப்பிள்ளை அண்ணன்."

முத்துசாமி எழுந்து நின்றார்.

"ஆரு? அந்த வேலுசாமி எனக்குத் தம்பியா?"

"சித்தப்பா மகன்னு இருக்குதுங்க."

"நான் ரிக் வெச்சுத் தொழில் பண்றவன். அவன் தோட்டத்துல போர் போடறதுக்கு அடுத்தவன் ரிக்கக் கொண்டாந்து நிறுத்துனானுங்க! ஊரே வந்து என்னையக் கேட்டுது. அன்னிக்கே சொல்லிப்போட்டன், அவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லைன்னு. அவன் ஊட்டுப் படி நான் மிதிக்கறதில்ல."

லாரி பாடிக்கு விலை பேசிப் பழகிய தங்கவேல் மெதுவாகக் கேட்டார். "அப்ப வேலுசாமி உங்குளுக்குப் பங்காளி இல்லீங்களா?"

"இல்லவே இல்லீங்க!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா. தம்பி தானுங்களே?"

"ஏனுங்க, எத்தன தடவ சொல்றது? அவன் எனக்கு ஆரும் இல்ல!"

"மேடம், அந்தக் கோட்ட எடுத்துருங்க" என்றார் தங்கவேல்.

தான் சொன்னது என்ன என்பது முத்துசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்திச் சொல்ல வேண்டுமென்றால் வேலுசாமியைத் தம்பி என்று இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டார். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்தார்.

"அண்ணன் வாயாலயே வந்துருச்சு. அம்மணி, காப்பி கொண்டா சாமி" என்றார் நிவேதாவிடம்.

4. தேதி

நான் கோட்டை அழிக்கவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் 'போக்குவரத்து உண்டா?', அதாவது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்துபோகிறார்களா, என்று ஒரு விவரம் சேர்த்தேன். இல்லை என்றால் தேடல் அந்தக் கோட்டைத் தாண்டாது. கூடவே ஒரு எல்லையும் வைத்தேன். வேலுசாமி வழி வந்த உறவு அந்த எல்லைக்குள்தான் இருந்தது. குடும்ப விவரம் நிரப்பச் சோம்பல்பட்ட உறுப்பினர்கள்கூட, யாரோடு பேச்சு இல்லை என்பதை ஆர்வமாக நிரப்பினார்கள். தளத்தில் வரன்கள் வரத் தொடங்கின. சரஸ்வதியும் தங்கவேலும் கணவன் மனைவி ஆனார்கள். நிவேதாவின் கல்யாணமும் நடந்தது.

சில மாதங்கள் கழித்து முத்துசாமி கூப்பிட்டார். குரலில் ஒரே உற்சாகம்.

"மேடம், நம்ம வேலுசாமி புதுசா ஒரு போர் போட்டானுங்க. இந்தத் தடவ என்ற ரிக்கத்தான் கூப்புட்டான். தண்ணி பீச்சி அடிச்சுருச்சுங்க! என்ன இருந்தாலும் தம்பி தம்பிதானுங்களே. அந்தக் கோட்ட மறுபடியும் போட்டுருங்க."

"போட்டா உங்க வீட்டுப் பையனும் மருமகளும் மறுபடி அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்களே?"

முத்துசாமி வாய்க்குள் மாதக் கணக்கு எண்ணுவது போனில் கேட்டது.

"தேதி போட்டுப் போடுங்க மேடம்" என்றார். "கல்யாணத்துக்கு அப்பறமேல்தான் அவன் எனக்குத் தம்பி ஆனான்னு."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த டேட்டாபேஸ் வேகமானது என்று என்னிடம் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதோடு, கோடு போடும்போது அது தொடங்கும் தேதிக்கும் முடியும் தேதிக்கும் இடம் விடச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், திருச்செங்கோட்டில் ஒருவர் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தம்பியாகப் பிறந்தார் என்கிறேன்.