இருநூறு வயதுச் சக்களத்தி

என் பெரியப்பா மகள் சண்முகப்ரியாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது அக்காவுக்கு ஆறுதலாக இல்லை.

1998 கோடையில், பெருவிலும் பொலிவியாவிலும் இரண்டு வருடம் சுற்றிவிட்டு, அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் அக்கா வீட்டு சோபாவில் வந்து விழுந்தேன். அவள் கணவர் மணியன் மாமா கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். பகலில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ப்ரோக்ராம் எழுதுவார். மீதி நேரமெல்லாம், 1804-இல் மிசூரி ஆற்றின் வழியே வரைபடம் இல்லாத மேற்குக்குக் கிளம்பி பசிபிக் கடலைத் தொட்ட குழுவோடுதான் வாழ்ந்தார். அந்தக் குழுவில் ஒரே ஒரு பெண். ஷோஷோனி என்ற பழங்குடி இனத்தவள், பதினேழு வயது இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரான கணவனோடு இடையில் சேர்ந்தவள், பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கூடவே போனாள்.

மாமா அவளைப் புகழாத சாப்பாட்டு வேளை இல்லை. படகு சாய்ந்தபோது மற்றவர்கள் பதற, அவள் மட்டும் நிதானமாக, மிதந்த சாமான்களைப் பொறுக்கி எடுத்தாளாம். அக்காவின் கைக்குழந்தை ஓவியா காரில் அழுதால், "அந்தப் பொண்ணு மலையே ஏறிச்சு. நீ இங்க பக்கத்துல ஐசலின் போயிட்டு வர்றதுக்கே டயர்ட் ஆயிடற" என்பார்.

அக்காவிடம் லைசென்ஸ் கிடையாது. அவளுடைய விசாவில் வேலைக்கும் போக முடியாது. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நூலகம்வரை போய்வருவதுதான் அவள் பயணம். என்மேலும் அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். நான் மலைப் படங்களை எடுத்தால் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள்.

ஆகஸ்டில் மாமாவும் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரும் அந்தக் குழு போன வழியிலேயே ஒரிகன் கடற்கரைவரை காரில் போவதென்று முடிவானது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி ஆண்கள் ரூட் போட்டார்கள். வழியில் கெடாத புளிக்காய்ச்சல் செய்வது அக்காவின் பொறுப்பு. கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் முடியாது என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னது யாரென்று பாருங்கள்.

அக்கா சண்டை போடவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிய குழந்தைகள் புத்தகங்களை நூலகத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"ஏதாச்சும் ஒரு குறை இல்லாமயா இருப்பா? கண்டுபிடிக்கறேன்."

குறை கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. குழு கடலுக்குப் பக்கத்தில் கோட்டை கட்டிக் குளிர்காலத்துக்குத் தங்கியிருந்தது. கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியதாகச் சேதி வர, தலைவர்களில் ஒருவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவளைக் கூப்பிடவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் கடலைப் பார்க்கவில்லை, அந்தப் பெரிய மீனையும் பார்க்கக் கூடாதென்றால் எப்படி என்று அவளே போய்க் கேட்டாள். அழைத்துப் போனார்கள்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை நண்பர்கள் கார்ப்பெட்டில் மேப்பை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா புளிக்காய்ச்சல் டப்பாக்களைக் கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தத் திமிங்கலக் கதை உங்களுக்குத் தெரியுமா?"

மேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், தெரியும் என்றார் மாமா.

"படகு சாஞ்சதச் சொன்னீங்க, மலை ஏறினதச் சொன்னீங்க. அவ வாயத் தொறந்து கேட்டத மட்டும் ஏன் சொல்லல?"

"மணி, புளிக்காய்ச்சல் போச்சுடா" என்று கவின் என்ற நண்பர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"கைக்குழந்தையோட அவளக் கூட்டிட்டுப் போனாங்கல்ல. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

குழந்தையின் கார் சீட்டை வைத்தால் நான்கு ஆண்களுக்கு இடமில்லை. மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மாமா, கடைசியில் கவினுக்குப் போன் செய்தார். நண்பர்கள் பாதிப் புளிக்காய்ச்சலோடு நயாகராவுக்குப் போனார்கள். மாமா, அக்கா, ஓவியா, மாற்றி ஓட்ட நான் என்று நாங்கள் மேற்கே கிளம்பினோம்.

மொண்டானா மலைப்பாதையில் ஓவியாவுக்குக் காது அடைத்துக்கொள்ள, விடாமல் அழுதாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரிகன் கரையில் ஒரே மூடுபனி. அலைச் சத்தம் கேட்டது, கடல் தெரியவில்லை. இத்தனை வருடக் கனவு இப்படி ஆன கோபத்தை மாமா அக்காமேல் இறக்கினார்.

"அவ போய்ச் சேர்றப்ப திமிங்கலம் வெறும் எலும்பாத்தான் கெடந்துச்சு. அது புக்குல இருந்துச்சா?"

"இருந்துச்சு. எலும்போ என்னவோ, அவளே போய்ப் பாத்தாள்ல."

ஓவியாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுப் பனிக்குள் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் உருவம் மறைந்துவிட்டது. "என்ன தெரியுது?" என்று மாமா கத்தினார். மறுபடியும் கத்தினார். உள்ளேயிருந்து அக்கா தனியாகச் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"இவளக் கொஞ்சம் பிடி, நானும் போய்ப் பாக்கறேன்" என்று குழந்தையை என்னிடம் நீட்டினார் மாமா.

நான் கையை நீட்டவில்லை.