செல்வத்துக்குக் கிடைத்த கூட்டுமுயற்சிப் பரிசு

பிரின்சிபால் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மேடம், ஆன்லைன் குரூப் ப்ராஜெக்ட்ல உங்க டிபார்ட்மெண்ட் பையன் ஒருத்தன் அசத்திட்டான். கூட இருந்த எல்லாரும் அவனுக்கு ஃபுல் மார்க் போட்டிருக்காங்க. காலேஜ் டேல தாளாளர் கையால பரிசு. பேரு டி. செல்வம். ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிருங்க.”

டி. செல்வம் என்று எங்கள் கல்லூரியில் ஒருவரும் இல்லை.

டி என்றால் டெஸ்ட்

மதுரைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்தியவள் நான். குழுவாகச் செய்யும் ப்ராஜெக்டை ஆன்லைனுக்கு மாற்றலாம் என்று நிர்வாகம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியபோது, அதற்குக் கோஆர்டினேட்டராக என்னைப் போட்டார்கள். நான் மட்டும்தான் லேப்டாப்பைத் தினமும் கொண்டுவருகிறேன் என்பதுதான் தகுதி.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர், எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டம்மி மாணவனை உருவாக்கினார். பெயர் டி. செல்வம். “டின்னா டெஸ்ட், மேடம். செல்வம் என் மச்சான் பேரு, சும்மா வச்சேன்” என்றார். போகும்போது அழித்துவிட்டதாகவும் சொன்னார். அழியவில்லை. என் திரையிலிருந்து மறைந்திருந்தான், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் தானாகக் குழு பிரித்தபோது அவனையும் ஒரு மாணவனாக எண்ணி ஏழாம் குழுவில் சேர்த்துவிட்டது.

இதையெல்லாம் பிரின்சிபாலிடம் விளக்கினேன்.

“சார், செல்வம் இல்ல.”

“லீவா?”

“லீவு இல்ல சார். அப்படி ஒரு ஆளே இல்ல.”

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “என்ன மேடம் சொல்றீங்க? அட்டெண்டன்ஸ் ஒரு நாள் குறையல!”

டம்மி கணக்குக்கு வருகை தானாகவே பதிவாகும் என்று சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தாளாளர்கிட்டப் போன வாரமே சொல்லிட்டேன். அவரு நாலு பேர்கிட்டப் பெருமையாச் சொல்லிட்டாரு. பேர வாசிப்போம். ஆள் வரலைன்னு அடுத்த ஐட்டத்துக்குப் போயிருவோம். விழா முடியிற வரைக்கும் ஸ்டூடண்ட்ஸ்கிட்டகூட மூச்சு விடாதீங்க.”

ஏழாம் குழு

அன்று மாலை ஏழாம் குழுவின் பொது டாக்குமெண்டைத் திறந்து, அதன் ஓரத்தில் போட்டிருந்த கமெண்ட்களை முதலிலிருந்து பார்த்தேன்.

குழுவில் செல்வத்தைத் தவிர மூன்று பேர். ஜெனிபர், பள்ளி ஆசிரியையின் மகள், கமா விட்டுப்போனால் தூங்காதவள். வீரபாண்டி, டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவன், பூந்தோட்டத்து வேலையும் பார்ப்பவன். மதன், எதையும் கடைசி நாளில் தொடங்குபவன். தலைப்பு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பது. ஆளுக்கொரு பகுதி. செல்வத்துக்கு முகூர்த்த நாள் விலை.

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எழுதியிருந்ததைப் படித்தால் இவர்கள் ஒரே வகுப்பா என்று தோன்றும்.

“உன் பார்ட்ட நீ பாரு. என் பார்ட்ல கை வைக்காத.” இது ஜெனிபர்.

“ஆமா, நீ பெரிய இங்கிலீஷ்காரி.” இது வீரபாண்டி.

மதன் எதற்கும் பதில் போடவில்லை. கட்டைவிரல் படம் மட்டும் போட்டிருந்தான்.

ஆனால் செல்வம் என்று வந்துவிட்டால் மூவரும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். தொடக்கத்தில் அவன் பகுதி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் போல என்று ஜெனிபர் நினைத்திருக்கிறாள். “செல்வம் ப்ரோ, அவசரமில்லை. ஜெபத்தில் நினைக்கிறேன்” என்று எழுதியிருந்தாள். நெட் பேலன்ஸ் இல்லை போல என்று வீரபாண்டி நினைத்திருக்கிறான். மதன் ஒரு படி மேலே போய், செல்வம் என்றொருவர் கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பி, பைக்கில் போயிருக்கிறான். திரும்பி வந்து அவன் போட்ட செய்தி இது:

“பாத்துட்டேன். வயசு கொஞ்சம் கூட. வேலை பாத்துக்கிட்டே படிக்கிறாரு போல. ப்ராஜெக்ட்னு சொன்னேன். இந்த முகூர்த்தம் முடியட்டும் தம்பி, ஜமாய்ச்சிருவோம்னாரு.”

இவன் யாரைப் பார்த்தான் என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய கவலை மதிப்பெண் பக்கத்தில் இருந்தது. குழுவினர் ஒருவருக்கொருவர் போடும் மதிப்பெண்ணும் இன்டர்னலில் சேரும். மூவரும் செல்வத்துக்கு முழுதாகப் போட்டுவிட்டு, மற்ற இருவருக்கும் பூஜ்யத்தை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி இல்லாதவன் முதலிடம், இருக்கிற மூவரும் ஃபெயில். ஜெனிபர் எம்.காம். சேர இந்தத் தாளில் தேறியாக வேண்டும்.

பரிசு வழங்கும் நேரம்

காலேஜ் டே அன்று, அழைப்பிதழில் ஏற்கெனவே அச்சாகியிருந்த பெயரை வாசித்தார்கள். “சிறந்த குழு உறுப்பினர், டி. செல்வம்!”

பிரின்சிபால் மைக்கை வாங்கி, வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தார். அதற்குள் அரங்கத்தின் பின்பக்கம் கைதட்டல். மதன் முன்னால் வர, அவன் பின்னால் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நரைத்த மீசையோடு ஒருவர் கும்பிட்டபடியே வந்தார். நடக்கும்போதே கூரையின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். மேடை ஏறியதும் அதன் நீளத்தைக் காலடியால் அளந்தார்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

தாளாளர் பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கொடுத்து, “படிப்புக்கு வயசேது! உங்க அனுபவத்த ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

செல்வம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். “எல்லாருக்கும் வணக்கம். தம்பி வந்து காலேஜ்ல பெரிய ப்ராஜெக்ட்டு இருக்குன்னுச்சு. இன்னைக்கு வாங்கண்ணே, மரியாதை பண்றாகன்னுச்சு. வேலைக்கு முன்னாடியே மரியாதை பண்ற எடத்த நான் இப்பத்தான் பாக்குறேன். தேதிய மட்டும் சொல்லுங்க. சாமியானா, சேரு, ஃபேனு அம்புட்டும் நம்மகிட்டயே இருக்கு. கூட்டம் எம்புட்டு வந்தாலும் வெயில் படாது.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தல் தொழில் செய்துகொண்டே பட்டம் படிக்கும் மாணவர் என்று அடுத்து வந்த சிறப்பு விருந்தினரும் பேச்சின் நடுவே இரண்டு முறை புகழ்ந்தார்.

விழா முடிந்ததும் செல்வத்தையும் அந்த மூன்று பேரையும் ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்துப் போய் உண்மையைச் சொன்னேன். முதலில் பேசியது செல்வம்தான்.

“அப்ப பந்தல் இல்லையா டீச்சரம்மா?”

“இல்லண்ணே.”

பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்தார். பின்னாலேயே வந்து நின்ற பிரின்சிபால் பதறிப்போய், “வச்சுக்கோங்க, வச்சுக்கோங்க. குடுத்தத திரும்ப வாங்க எங்ககிட்ட வழி இல்ல” என்றார். செல்வம் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “சரிங்க. வீட்டுல என்ன படிச்சேன்னு கேட்டா என்ன சொல்ல?” என்றார்.

“பி.காம்.னு சொல்லுங்க” என்றான் மதன்.

அவர் சிரித்துக்கொண்டே போனபின் ஜெனிபருக்குத்தான் முதலில் உறைத்தது.

“மேடம், அப்ப செல்வம் பார்ட்ட யாரு எழுதுனது? முதல் பேரா மட்டும்தான் நான் எழுதுனேன். பாவமேன்னு.”

“ரெண்டாவது நான்” என்றான் வீரபாண்டி. “மிச்சம் அவரே எழுதிட்டாருன்னு நெனச்சேன்.”

“அந்த டேபிள் நான் போட்டது” என்றான் மதன், தரையைப் பார்த்தபடி.

ஜெனிபர் வீரபாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். “பூப்பறிக்கப் போறவங்க விடியுமுன்ன செடிகிட்ட நிக்கணும், முகூர்த்தத்தன்னைக்கு ஆளே கிடைக்காதுன்னு இருந்துச்சே, அது நீயா? ரொம்ப நல்லா இருக்கு செல்வம் ப்ரோன்னு கமெண்ட் போட்டேனே.”

“பாத்தேன்” என்றான் அவன். “நான்தான்னு சொன்னா நீ அழிச்சிருவன்னு இருந்துட்டேன்.”

அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

பிறகு நடந்தது

அந்த மதிப்பெண்களை ரத்து செய்து, மூவருக்கும் மறுவாய்ப்பு கேட்டேன். பிரின்சிபால் தயங்கினார். “செல்வத்த எடுத்துட்டுத்தான மேடம் குரூப்ப மாத்தணும்? ஆபீஸ்ல டி.சி. குடுக்காம ஸ்டூடண்ட்ட எடுக்க முடியாதுங்குறாங்க. டி.சி.க்கு அவங்க அப்பா கையெழுத்து வேணுமாம்.” அதனால் செல்வம் அந்தக் கல்லூரியில் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறான். மறுவாய்ப்பை மட்டும் போராடி வாங்கினேன்.

இந்தத் தடவை முறையை மாற்றினேன். வேலை தொடங்கும் முன் மூவரும் வீடியோவில் முகம் பார்த்துப் பேச வேண்டும். அவரவர் பகுதியை அவரவர் எழுதலாம், ஆனால் மதிப்பெண் அதற்கு இல்லை. அடுத்தவர் பகுதியில் என்ன சேர்த்தோம், எதைத் திருத்தினோம் என்பதற்குத்தான். ரிப்போர்ட்டை நேரில் விளக்கும்போது யார் எழுதியதை யார் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிடத்தில் நான்தான் முடிவு செய்வேன்.

முதல் வாரம் சண்டைதான். “கை வைக்காத” என்றவளின் பகுதியில் அடுத்தவர் கை வைத்தால் சும்மா இருப்பாளா? ஆனால் எழுதுகிறவன் பூ பறித்தவன் என்று தெரிந்தபிறகு அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அவனும் பதில் சொன்னான். மதன் கட்டைவிரலை விட்டு வார்த்தைக்கு வந்தான்.

புதிதாக வேலைக்கு வரும் விரிவுரையாளர்கள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறார்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்பேன். வேலையைத் துண்டுபோட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் வருவது குழு வேலை அல்ல, ஒரே அட்டைக்குள் பல தனி வேலைகள். அடுத்தவருடைய பகுதி சரிந்தால் தனக்கு வலிக்கும்படி வேலையை அமைப்பதுதான் ஆசிரியரின் வேலை. நான் கற்றது அதுதான்.

கடைசி நாள் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், கமிஷன் கடைகளைப் பற்றி வீரபாண்டியிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். அவன் பதில் தெரிந்தும் வார்த்தை வராமல் நின்றான்.

உட்கார்ந்திருந்த ஜெனிபர் எழுந்தாள். “சார், அவன் தமிழ்ல சொல்லட்டும். நான் கூடவே இங்கிலீஷ்ல சொல்றேன்.”

“இது யாரு பார்ட்?” என்று கேட்டார் எக்ஸாமினர்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.