மங்கியே இருந்த பட்டன்

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கணினிகளில் ‘விடுப்பு’ என்றொரு பட்டன் உண்டு. விடுப்பு எடுக்கலாம் என்றால் நீலமாக இருக்கும். கூடாதென்றால் சாம்பல் நிறத்தில் மங்கிவிடும். அந்தச் சாம்பல் நிறத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த மென்பொருளை எழுதியது நானும் என் பக்கத்து இருக்கை நண்பனும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரன், என் வயதுதான். கிளிக் செய்தால் என்ன நடக்கும் என்பதைத் திரையின் நிரலில் எழுதக் கூடாது, திரைக்குப் பின்னாலிருந்து அதை இயக்கும் வியூமாடல் என்ற பகுதியில், ‘கமாண்ட்’ எனப்படும் கட்டளையாகத்தான் எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பான். “பட்டனுக்கு இன்னா மச்சான் தெரியும்? பின்னால கீறவன் சொன்னா எரியும், சொல்லாங்காட்டி அணைஞ்சிகினு கெடக்கும்” என்பான். விடுப்புக்கான கமாண்டை எழுதியது நான். கையிலிருக்கும் வேலையை வாடிக்கையாளர் ஏற்கும்வரை பட்டன் மங்கியிருக்க வேண்டும் என்பது விதி.

ஒரு வியாழக்கிழமை காலை அவனுடைய அக்கா தொலைபேசினாள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. “பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா உன்னியே கேட்டுகினு கீது” என்றாளாம். அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். “மச்சான், உன் பட்டன் என்னிய வூட்டுக்கு வுடாது போலகீதே.”

“கஸ்டமர் ஏத்துக்கிட்டா தானா நீலமாயிடும். ஆனவுடனே கிளம்பு” என்றேன்.

பதினொன்று பத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வந்தது. நானே அதைப் பதிவு செய்தேன். என் நாட்குறிப்பிலும் நேரத்தைக் குறித்தேன். பிறகு மாடியில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டேன். அவன் கிளம்பியிருப்பான் என்று நினைத்தேன். மூன்றரைக்கு இறங்கி வந்தபோது அவன் இருக்கையிலேயே இருந்தான். பட்டன் மங்கியே இருந்தது. ஒப்புதல் தகவல் அவன் கணினிக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் நிலைமை மாறியதைப் பட்டனுக்கு அறிவிக்கும் ஒரு வரியை நான் எழுத மறந்திருந்தேன். கமாண்டுக்குத் தெரியும், பட்டனுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியும். நானும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போதுதான் சொல்லி அவனை அனுப்பினேன். அவன் ஏறிய பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது அக்கா மறுபடியும் அழைத்தாள். அம்மா போய்விட்டாள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். “மதியம் வரிக்கும் வாசலயே பாத்துகினு இருந்துச்சு” என்றாள் அக்கா.

விட்டுப்போன வரியை அந்த வாரமே சேர்த்தேன். நான் எழுதுவதை அவன் சரிபார்ப்பது எங்கள் வழக்கம் என்பதால் அந்த மாற்றமும் அவனிடமே போனது. வேலைக்குத் திரும்பிய அன்று அதைத் திறந்தான். ஒரே ஒரு வரி. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரியா கீது, சார்” என்றான்.

அதற்குமுன் அவன் என்னைச் சார் என்று அழைத்ததில்லை. ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போனான்.

இப்போதும் ஒப்புதல்களை நான்தான் பதிவு செய்கிறேன். அந்த நொடியே பட்டன் நீலமாகிவிடுகிறது. ஆனாலும் நான் எழுந்துபோய், விடுப்புக்குக் காத்திருப்பவரின் தோளைத் தொட்டு, “கிளம்புங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.