பெரியவளுக்குப் புது ஆயில்

அந்த வீட்டுக்கு மகள் வருவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. அதனால் வேன் பெரியவள், மகள் சின்னவள். சின்னவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்த வரிசை மாறவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து வெளுத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் குடும்பத் தொழில். வெளுப்பது மனைவி, வண்டி ஓட்டுவது கணவர். போன மாதம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, வண்டி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸ் எடுத்ததோடு சரி என்றிருந்த அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது.

ஆயில் மாற்றும் நாள் வந்தது. பெரியவள்மேல் வேறு யார் கையும் பட விடாதவர் அவர். சாக்கை விரித்து அடியில் படுத்து அவரேதான் மாற்றுவார். அதுவும் எப்போதும் அதே பழைய ரக ஆயில். இனி அடியில் படுக்க வேண்டியது தான்தான் என்றானதும் அவள் சிந்தெட்டிக் என்ற புது ரக ஆயில் பேச்சை எடுத்தாள். சீக்கிரம் கெடாது, அடிக்கடி மாற்ற வேண்டாம், காலையில் கிளப்பும்போது கடகடவென்ற சத்தமும் குறையும் என்று ஆயில் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"இந்த வயசுல அவளுக்குப் புது வைத்தியம் எதுக்கும்மா?" என்றார் அவர்.

"உங்க கண்ணுக்கு மட்டும் புது வைத்தியம் பண்ணிக்கலையா?"

அவர் சாக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் அடியில் படுத்துச் செய்தாள். பழைய ஆயில் தார் மாதிரி தொட்டியில் இறங்கியது. இறுகிப்போயிருந்த ஃபில்டரை மல்லுக்கட்டிக் கழற்றி, புதியதை மாட்டி, புது ஆயிலை ஊற்றினாள். கிளப்பியதும் பெரியவள் முனகாமல் எழுந்தாள். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அங்கேயே வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். வந்த வழியெல்லாம் ஆயில் கோடு.

எதிரே இருந்த பேட்டரிக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பழைய இன்ஜினுக்கு இந்த மெல்லிசு ஆயில் ஆகாதுக்கா. உள்ள ஆயில் கசியாம அடைக்கிற சீல் எல்லாம் போயிருக்கும். பேசாம இரும்புக் கடைக்குச் சொல்லிவிடுங்க."

வீட்டில் இருக்கும் மனுஷனுக்கு ஏற்கெனவே ஒரு கண் பாதி போய்விட்டது. அவர் உயிராக இருந்த பெரியவளையும் என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று உள்ளே ஒரு குரல் ஓலமிட்டது. போனில் கணவரிடம் விளக்கு எரிந்ததைச் சொல்வதற்குள் அவளுக்கு அழுகைதான் வந்தது.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "விளக்கு எரிஞ்சதும் வண்டிய அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேங்க."

"அப்ப பயப்படாத. வர்றேன்."

சின்னவளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. வேனைப் பார்த்ததும் பழக்கத்தில் அடியில் குனியப் போனார். சின்னவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். எங்கிருந்து ஒழுகுகிறது என்று கேட்டார். மனைவி அடியில் போய்ப் பார்த்து, ஃபில்டரைச் சுற்றித்தான் என்றாள்.

அவர் முகம் மாறியது. "பழைய ஃபில்டரைக் கழட்டினப்போ அதோட ரப்பர் வளையமும் சேர்ந்து வந்துச்சா?"

அவள் கவனிக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை விரலால் தடவினாள். அங்கே பழைய வளையம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புது ஃபில்டரின் வளையமும் உட்கார்ந்ததில் இரண்டுக்கும் இடையே ஆயில் பீறிட்டிருக்கிறது.

"சில சமயம் அங்கேயே ஒட்டிக்கும்" என்றார் அவர். "ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்த்துடுவேன். அது என் கையே செஞ்சிடும், ஒரு வேலைன்னு நெனச்சதே இல்ல. அதான் நேத்து சொல்ல வரல. ஆயில் மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல."

அவள் டயரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். இந்த முறை அழுகை வேறு.

வளையத்தைச் சுரண்டி எடுத்து, ஃபில்டரைத் திரும்ப மாட்டினாள். துணிப்பையில் பழைய ரக ஆயில்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தாள். உள்ளே இருந்தது சிந்தெட்டிக்.

"இத ஏங்க வாங்கினீங்க? என்ன ஆச்சுன்னே அப்போ தெரியாதே."

"நேத்து அவ எழுந்த சத்தத்தை நானும்தானே கேட்டேன்."

ஊற்றி முடித்து அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் அவர், ஜன்னலுக்கு வெளியே சின்னவள். "மூத்த பொண்ணு பொழச்சிட்டா, எனக்கும் கொஞ்சம் சாப்பாடு போடுங்க" என்றாள் சின்னவள். அம்மா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "விளக்கு அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்சிடுச்சுங்க."

அப்புறம்தான் அவர் முதுகு சீட்டில் சாய்ந்தது.