நின்றது திரும்பி வந்தபோது

எனக்கு வயது ஐம்பத்துமூன்று. ஊர் சுசீந்திரம். மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிவிட்டதே என்று போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். சில நாட்களிலேயே சேலையில் இரத்தக்கறை. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன்.

"சாமிக்கு மனசில்ல போலிருக்கு மக்கா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார் மைனி, என் அண்ணன் மனைவி. நானும் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் நின்றுபோனது எப்படித் திரும்பி வரும் என்ற கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்பதற்காகவே நாகர்கோவிலில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன்.

"நின்னு ஒரு வருசம் கழிஞ்ச பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிடாய் இல்லம்மா. எங்கயிருந்து வருதுன்னு பாக்கணும்" என்றார். ஸ்கேனில் கருப்பைக்குள் சிறிய சதை வளர்ச்சி தெரிந்தது. எடுத்துச் சோதித்ததில், நல்லவேளையாகப் புற்றுநோய் இல்லை.

இந்த வருடம் மறுபடியும் மாலை போட்டிருக்கிறேன். கூட வரும் பெண்களிடம் விரதம் பற்றிப் பேசுவதற்கு முன்பே மருத்துவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் சொல்லி முடித்ததும் மைனி என்னைத் தனியாக அழைத்தார்.

"எனக்கும் ரெண்டு தடவ பட்டுது மக்கா. நான் யாருட்டயும் சொல்லல."

அடுத்த பஸ்ஸில் இருவரும் நாகர்கோவில் போனோம்.