கீழ் வீட்டுக்கு நான் அனுப்பாத லிங்க்

செம்பாக்கத்தில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழ் வீட்டிலும் எங்களைப் போலவே கணவன், மனைவி, ஒரே மகள். இரண்டு பெண் குழந்தைகளுக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். என் மகள் நடை பழகியது அந்த வீட்டு ஹாலில். அவர்கள் மகள் எங்கள் சோபாவில் தூங்கிவிட்டால் யாரும் எழுப்ப மாட்டோம்.

கீழ் வீட்டுப் பெண் என்னைவிட நாலைந்து வயது இளையவள். இந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு ஏசி சர்வீஸ் வேலை. என்னை "அக்கா" என்று கூப்பிடுவாள். பிள்ளைகளுக்கு மூன்று வயது ஆனதும் எங்கள் பேச்சு முழுக்கப் பள்ளிக்கூடம் பற்றியதாகிவிட்டது. பேசியது பெரும்பாலும் நான்.

நான் இன்ஜினியரிங் படித்தவள். எதையும் பட்டியல் போட்டுப் பார்த்தால்தான் மனது அடங்கும். நீச்சல் குளம் வைத்த ஒரு சிபிஎஸ்இ பள்ளி, கூடுவாஞ்சேரிப் பக்கம் புதிதாகத் திறந்த ஓர் இன்டர்நேஷனல், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன நர்சரி, தாம்பரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் கான்வென்ட் என்று லேப்டாப்பில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தூரம், கழிப்பறை, ஒரு வகுப்பில் எத்தனை பேர், தமிழ் ஒழுங்காகச் சொல்லித் தருவார்களா. வாரத்துக்கு ஒருமுறை முதலிடம் மாறும். என் கணவர், "நீ பார்த்து எது சொன்னாலும் சரி" என்று சொல்லிவிட்டார். அதில் எனக்குப் பயம்தான் கூடியது. தப்பாகப் போனால் அது என் தப்பு மட்டும்தான்.

கடைசியில் கான்வென்ட் என்று முடிவு செய்தேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், கீழ் வீட்டார் இந்துக்கள். நானும் சிஸ்டர்களிடம் படித்தவள். கீழ் வீட்டில் சொன்னதும் அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அப்ப நாங்களும் அங்கியே போட்டுர்றோம்க்கா. ரெண்டும் ஒரே வேன்ல போவட்டும். உங்க பொண்ணு வேன்ல அழுதா எம் பொண்ணு சமாளிப்பா, எம் பொண்ணு அடிச்சா உங்க பொண்ணு மிஸ்கிட்ட சொல்லுவா."

"எல்லா மதத்துப் பிள்ளைங்களுக்கும் சீட் உண்டுதான். ஆனா ஃபார்ம் ஆன்லைன்லதான் வரும். எப்ப வரும்னு தெரியாது."

"எனக்கு அதெல்லாம் யாரு அனுப்பப் போறா? உங்களுக்கு வந்தா ஒரு வார்த்த சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன்மா."

லிங்க் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. எங்கள் சர்ச்சுக்கு உட்பட்ட பங்கில் நாலைந்து தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியம் ஒன்று உண்டு. அதன் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்களாம். அதற்குக் கீழேயே இன்னொரு பெண்மணி, "இந்த வருஷம் சீட் ரொம்பக் கம்மியாம், சீக்கிரம் போடுங்க" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன்.

அப்போதே உட்கார்ந்து ஃபார்மை நிரப்பத் தொடங்கினேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே அவள் துணி உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் போனில் அவள் பெயரைத் திறந்தேன், மூடினேன். அவள் மகள் என் மகளைவிட வாயாடி. யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லும். இரண்டு பேரும் இன்டர்வியூவில் சிஸ்டர் முன்னால் அடுத்தடுத்து நின்றால் எது கண்ணில் படும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை, நாங்கள் இந்தச் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் என்று பங்குத்தந்தையின் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அதையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். என் மகளுக்குச் சளி. அவளைக் கீழ் வீட்டில் விட்டேன்.

"எங்கக்கா, காலங்காத்தால?"

"சர்ச் வரைக்கும். சின்ன வேல."

திரும்பி வந்தபோது அவள் என் மகளுக்கு மிளகு ரசம் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கடிதம் என் கைப்பையில் இருந்தது. ஃபார்ம் மூட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மூக்கைத் துடைத்து மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து லிங்கை அவளுக்கு அனுப்பினேன். "இப்பதான் பார்த்தேன்மா" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் போனும் கையுமாகப் படியேறி வந்தாள்.

"அக்கா, குளோஸ்டுன்னு காட்டுது. என் போன்தான் பேஜாரா? உங்க போன்ல பாருங்க."

வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். என் போனிலும் திறந்து காட்டினேன். இரண்டு முறை அழுத்திக்கூடப் பார்த்தேன். "அட, முடிச்சிட்டாங்களே" என்றேன்.

"பரவால்லக்கா. உங்களுக்காச்சும் கெடச்சுதா?"

"போட்டிருக்கேன். பாப்போம்."

எப்போது போட்டேன் என்று அவள் கேட்கவில்லை.

இன்டர்வியூ முடிந்து என் மகளுக்கு இடம் கிடைத்தது. சான்றிதழ் சரிபார்க்கப் போன அன்று, அலுவலகப் பெண்ணின் மேசையில் இரண்டு கட்டுகள் இருந்தன. எதற்கு என்று சும்மா கேட்டேன். "கத்தோலிக்கப் பிள்ளைங்க லிஸ்ட் வேறம்மா, மத்தவங்க லிஸ்ட் வேற. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். இரண்டு குழந்தைகளும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டிருக்கவே மாட்டார்கள். பட்டியல் போடத் தெரிந்த நான் இதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஜூன் மாதம் என் மகள் கான்வென்ட் போனாள். கீழ் வீட்டு மகள் இரண்டு தெரு தள்ளியிருந்த நர்சரிக்குப் போனாள். கான்வென்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீச்சர் நல்லவர். என் மகள் முதல் இரண்டு வாரம்தான் வேனில் அழுதாள். ஆனால் ஒரு நாள் ஷூ மாட்டிவிடும்போது கேட்டாள்.

"அவ ஏம்மா எங்க ஸ்கூலுக்கு வரல?"

"அவளுக்கு சீட் கிடைக்கல."

"ஏன்?"

வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "சிஸ்டர் கேட்டதுக்குக் கரெக்டா சொன்னவங்களுக்குத்தான் சீட். நீ கலரெல்லாம் கரெக்டா சொன்னல்ல?" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

சில நாள் கழித்து மாடிப்படியில் இரண்டும் ஸ்கூல் விளையாட்டு விளையாடின. என் மகள்தான் சிஸ்டர். என் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். "நீ தப்பா சொல்லிட்ட. உனக்கு சீட் இல்ல. போ" என்பது காதில் விழுந்தது. "என்ன யாருமே கேக்கலியே?" என்றது மற்றது. "கேட்டாங்க. நீ தப்பா சொல்லிட்ட. எங்கம்மாவே சொன்னாங்க."

நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் கீழ் வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். "என்னா ஆச்சுன்னே தெர்லக்கா. குளிக்க ஊத்தும்போதெல்லாம் ரெட்டு, எல்லோ, கிரீன்னு ஒப்பிக்கிறா. 'இப்ப கரெக்டாம்மா? இப்ப சீட் குடுப்பாங்களா?'ன்னு கேக்குறா. 'எங்கடி தப்பா சொன்ன?'ன்னு கேட்டா, தெரியலங்கிறா."

அவள் தன் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"லிங்க் வெள்ளிக்கிழமையே வந்துடுச்சும்மா."

"எந்த வெள்ளிக்கிழம?"

"நான் உனக்கு ஞாயித்துக்கிழம அனுப்பினேன்ல. அதுக்கு முன்னாடி."

அவள் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது. "சனிக்கிழம பாப்பாவ எங்கிட்ட உட்டுட்டுப் போனீங்களே?"

"அதுக்கான லெட்டர் வாங்கத்தான் போனேன்."

"ஏங்க்கா?"

"சீட் கம்மின்னு பயந்துட்டேன்."

"எம் பொண்ணு வந்தா உங்க பொண்ணுக்கு சீட் பூடும்னா?"

அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்து இலை கிள்ளாமலே கீழே வைத்தாள்.

"கெடச்சிருக்குமோ கெடச்சிருக்காதோ, அது வேற. சொல்லியிருக்கணும்க்கா." பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். "எங்கிட்ட சொன்னது இருக்கட்டும். அவகிட்ட சொல்லுங்க. அவதான் தெனமும் ஒப்பிச்சிக்கினு கீறா."

கையில் கிரையானோடு குழந்தை வந்து நின்றது. கன்னத்தில்கூட ஒரு பச்சைக் கோடு.

"பாப்பா, சிஸ்டர் உன்ன ஒண்ணுமே கேக்கல. நீ எதுவும் தப்பா சொல்லல. உனக்கு எல்லாக் கலரும் தெரியும்."

"அப்ப ஏன் ஆண்ட்டி எனக்கு சீட் தரல?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முன்புதான் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். நாலு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி அதைச் சொல்வதும் கஷ்டமில்லை. நீ வரக்கூடாது என்று ஆண்ட்டி நினைத்தேன், அவ்வளவுதான்.

"ஆண்ட்டிதான் உங்கம்மாகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?" அதன் முகம் தெளிந்துவிட்டது. "நான்கூட இன்னிக்கு வாட்டர் பாட்டில கிளாஸ்லயே மறந்துட்டேன். மிஸ் எடுத்து வெச்சிருப்பாங்க, ஒண்ணும் ஆவாது" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு உள்ளே ஓடியது.

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். திருத்துவாள் என்று நினைத்தேன். திருத்திவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் தண்டுகளைப் பேப்பரில் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பிள்ளைகள் இப்போதும் படியில் விளையாடுகிறார்கள். அவள் இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் கீழேயே நின்று கூப்பிடுகிறாள். மேலே ஏறி வருவதில்லை. அந்தக் குழந்தையிடம் சொன்ன அன்றே என் மகளையும் உட்கார வைத்து, உன் தோழி தப்பாக எதுவும் சொல்லவில்லை, அம்மாதான் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.