தவராசா சேரும் தொடக்க ரிவோல்வரும்

திங்கட்கிழமை இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்து, "டீச்சர், தவராசா சேர் மோசம் போயிட்டாராம்" என்றார். பூநகரியிலிருந்து முரசுமோட்டைப் பக்கம் செத்தவீட்டுக்குப் போக அடுத்த பஸ் பதினொன்றரைக்குத்தான். காத்திருந்த நேரமெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு: தவராசா சேர் முன்பு நான் விஞ்ஞானம் படிப்பித்த பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். எங்கள் கல்வி வலயத்தின் ஓட்டப் போட்டிகளை வெடி வைத்துத் தொடக்கிவைப்பவரும் அவர்தான். அதற்கென்று ஒரு பழைய ரிவோல்வர் அந்தப் பாடசாலை அதிபரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. அதன் தோட்டாவில் குண்டு இல்லை, கரிமருந்து மட்டும். சத்தமும் புகையும்தான் வரும். போரைக் கண்ட எங்கள் சனத்துக்குப் பயப்பட அந்தச் சத்தமே போதும் என்று அவருக்குத் தெரியும். முதல் ஓட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில், "இப்ப வெடிச்சத்தம் கேக்கும், ஓட்டத்துக்குத்தான். ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ" என்று தவறாமல் சொல்வார்.

நான் நேரக்கணிப்பாளராக நின்ற முதல் வருடம் என்னிடம் வந்தார். "டீச்சர், சத்தம் உங்களிட்ட வந்து சேரப் பிந்தும். புகையைப் பாத்து மணிக்கூட்டை அமத்துங்கோ." விஞ்ஞான டீச்சருக்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறார் என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

போட்டி முடிந்ததும் நாங்கள் தேநீருக்குப் போவோம், அவர் வரமாட்டார். குசினியில் சுடுதண்ணீர் வாங்கி, ரிவோல்வரின் சுழலும் உருளையைக் கழற்றி, சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் போட்டுத் தேய்ப்பார். தண்ணீர் கறுப்பாய் ஓடும். தெளிந்து வரும்வரை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கடைசியில்தான் தையல் மெசின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுவார். "இரும்புக்குத் தண்ணி காட்டலாமோ சேர்?" என்று கேட்டேன். "மருந்துக் கரிதான் டீச்சர் ஈரத்தை இழுக்கிறது. அதைக் கழுவாமல் எண்ணெய் பூசினால் அழுக்கை மூடி வைக்கிறதுதான்" என்றார்.

ஒரு வருடம் எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு அவருக்குக் கடும் காய்ச்சல். நடுங்கிக்கொண்டே, "டீச்சர், ஒருக்கா நீங்கள் கழுவி வைக்கிறியளோ?" என்று ரிவோல்வர்ப் பெட்டியை என்னிடம் தந்தார். "ஓம் சேர்" என்றேன். அன்று வானம் மூடிக் கிடந்தது, வெயில் இல்லை. நனைந்தால் துருப்பிடிக்கும் என்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். ஆகவே தண்ணீர் தொடாமல் துணியால் துடைத்து, எண்ணெயைத் தாராளமாய் விட்டுப் பூட்டிவைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து வலயப் போட்டி, பெண்களுக்கான நூறு மீற்றர் இறுதி. முதல் வெடி கேட்டது. ஒரு பிள்ளை முந்திப் புறப்பட்டுவிட்டாள். திருப்பி அழைக்க இரண்டாவது வெடி வேண்டும். சேர் விசையை அழுத்துகிறார், உருளை சுழலவில்லை. கையை ஆட்டிக் கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. முந்திப் போனவளே வென்றாள். மைதானம் சண்டைக்களமானது.

விசாரணையில், "ஆர் இதைத் துப்பரவாக்கினது?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான்தான்" என்றார் சேர்.

வெளியே வந்து உருளையைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெய்க்குக் கீழே கரி கட்டிப்போய்க் கிடந்தது. "தண்ணிக்குப் பயந்திட்டியள், என்ன டீச்சர்?" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. வலயம் அவரிடம் ரிவோல்வரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை மூன்று வருடமும் நீளம் பாய்தல் குழியில் மணல் வாரினார். நான் பூநகரிக்கு மாற்றம் எடுத்துப் போனேன். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

செத்தவீட்டில் பேசிய ஒருவர், "அப்பழுக்கில்லாத சேவை, அந்த ஒரு நாளைத் தவிர" என்றார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. சேரின் மனைவியிடம் போனேன்.

"அக்கா, அண்டைக்கு அதைக் கழுவாமல் விட்டது நான். சேர் இல்லை."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் தான்தான் எண்டுதானே சொன்னவர்" என்றார். "ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியாத மனிசன் எண்டு, கோபம் வாற நேரமெல்லாம் அதைத்தானே சொல்லிச் சொல்லிப் பேசினனான். ஒரு சொல் திருப்பிச் சொல்லேல்ல." பிறகு, "நீங்கள் போன கிழமை வந்து சொல்லியிருந்தாலும் காணும் டீச்சர்" என்றார்.

பிரேதப் பெட்டியருகே போய் உட்கார்ந்து, சேரின் கையைப் பிடித்து ஏதோ மெல்லச் சொல்லத் தொடங்கினார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

சேர், ஊரறிய எழுதிவிட்டேன். பிந்திவிட்டேன். போய் வாருங்கள்.